அம்மாவின் கைக்கு ஒரு கேமரா



நம்மில் அநேகர் பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு, ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வந்து குடியேறினவர்கள். மே மாதமோ டிசம்பர் மாதமோ நெருங்கிவிட்டால், சார்மினார் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்ததா என்ற விசாரிப்பு ஆராதனை முடிந்த கையோடு சபை வாசலில் தொடங்கிவிடும். அதற்கு அடுத்த கேள்வி, ஊரிலுள்ள பெற்றோருக்கு என்ன வாங்கிச் செல்வது என்பது. பிஸ்கட் டப்பாவும் சேலையும் எல்லாரும் வாங்குவதே.

அண்மையில், கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் நம் சபையின் வாலிப சகோதரன் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, அம்மாவுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கேன். விலையும் கட்டுப்படியாகணும், அவங்களுக்குக் கையாளவும் லேசா இருக்கணும். எதை வாங்கலாம்?" என்று கேட்டார். அருகில் நின்ற சிலர் சிரித்துவிட்டார்கள். எல்லார் கையிலும் செல்போன் இருக்கும் இந்நாளில் கேமராவா என்பது அவர்கள் எண்ணம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் நான் என் தாயாருக்கு இரண்டு முறை கேமரா வாங்கியவன். முதல்முறை தவறாக வாங்கியவன்.

அது 2008-ஆம் ஆண்டு. ஊழியத்தின் நெருக்கங்களுக்கு நடுவே மாதாமாதம் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்த பணத்தில், வெள்ளி நிறத்தில் பளபளக்கும் ஒரு கேமராவை வாங்கினேன். அதில் இருபதுக்கு மேற்பட்ட காட்சி வகைகள் இருந்தன. பனிக்கு ஒன்று, வாணவேடிக்கைக்கு ஒன்று. சாத்தான்குளத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில் பனி எங்கே பெய்யப்போகிறது! எனக்குப் பிடித்ததை வாங்கினேன் என்பதே உண்மை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர்களும், "நல்லா இருக்குய்யா" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருடம் சென்றபோது, அது அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றப்பட்டு, பெட்டியோடு பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. என் மனம் சற்றுப் புண்பட்டதை மறைக்க விரும்பவில்லை. தாவீதின்மேல் சவுல் தன் கவசத்தையும் பட்டயத்தையும் அணிவித்த பகுதியை எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு அவனால் நடக்க முடியவில்லை என்று பிரசங்கபீடத்தில் நின்று விளக்குகிறவன், தன் தாயாருக்கு அதையே செய்தான்.

பிரியமானவர்களே, இவ்விடத்தில் எங்கள் குடும்பத்தின் ஒரு காரியத்தை நான் சொல்லியாக வேண்டும்.

என் தகப்பனார் பெந்தெகொஸ்தே விசுவாசத்துக்குள் வந்தபோது, அணிந்திருந்த மோதிரத்தைக் கழற்றியதோடு, சுவரில் மாட்டியிருந்த படங்கள் யாவற்றையும் இறக்கிவிட்டார். அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. 1980-இல் என் தங்கை படித்த பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுத்தார்கள். அன்று அவளை அனுப்ப வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அதே ஆண்டில் காய்ச்சல் கண்டு, எட்டு வயதில் அவள் மரித்துப்போனாள்.

அப்பாவைக் குறை கூற இதை எழுதவில்லை. மரித்தவர்களின் படத்துக்கு மாலையிட்டு, ஊதுபத்தி கொளுத்தி, கைகூப்புகிற வழக்கத்தின் நடுவிலிருந்து வந்தவர் அவர். தம் பிள்ளைகள் அதற்குள் திரும்பிவிடக்கூடாது என்ற பயபக்தி அவருக்கு இருந்தது. இன்றும் நம் சபைகளில் மூத்த விசுவாசிகள் சிலருக்கு இந்தத் தயக்கம் உண்டு, அதைப் பரிகசிக்கலாகாது. ஆயினும், யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் விலக்கப்பட்டிருப்பதைக் கவனித்துப் பாருங்கள். அங்கே வரும் 'பெசெல்' என்ற எபிரெயச் சொல், செதுக்கிச் செய்த விக்கிரகத்தைக் குறிக்கிறது. அதை நமஸ்கரிப்பதும் சேவிப்பதுமே அங்கே குற்றமாகத் தீர்க்கப்படுகிறது. அதே புஸ்தகத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில், கேருபீன்களைச் செய்யும்படி தேவனே கட்டளையிடுகிறார். மோசே உண்டாக்கிய வெண்கலச் சர்ப்பத்தை எசேக்கியா ராஜா உடைத்துப்போட்டது, ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கிய பின்பே. யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களோ, பிள்ளைகள் பிற்காலத்தில் கேட்டு அறியும்படிக்கு நாட்டப்பட்டவை. ஆராதிக்கும் பொருள் வேறு, நினைவுகூரும் பொருள் வேறு. வேதாகமக் கல்லூரியில் இதைப் படித்து அறிந்த பின்பும், அப்பாவிடம் வாதாட எனக்குத் துணிவு வரவில்லை.

2019-இல் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைக் கைப்பிரதியில் அச்சிட ஒரு படம் தேடியபோது, ஆதார் அட்டையிலிருந்த படம் ஒன்றே கிடைத்தது. எல்லாரும் கலைந்து சென்ற இரவில், அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்கள்: "அப்பா முகம் அந்த அட்டையிலயாவது இருக்கு. பாப்பா முகம் எதுல இருக்கு? இப்ப அவ முகம் எனக்குச் சரியா ஞாபகம் வரமாட்டேங்குய்யா." பீரோவுக்குள் கிடந்த அந்தக் கேமரா அன்றைக்குத்தான் என் இருதயத்தைக் குத்தியது. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னே அதை நான் கொண்டுவந்து கொடுத்தபோது, அவர்கள் எதை நினைத்து வாங்கிக்கொண்டார்கள் என்று கேட்கவே இல்லையே!

ஆகவே 2024 டிசம்பரில் ஊருக்குப் புறப்படுமுன், முதலில் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். தம்பி வாங்கிக் கொடுத்த செல்போன் அவர்களிடம் உண்டு. ஆனால் காலமெல்லாம் வயலிலும் அடுப்படியிலும் உழைத்துக் காய்ந்து தடித்துப்போன அந்த விரல்களைத் தொடுதிரை அடையாளம் கண்டுகொள்வதில்லை. நம் விரலிலுள்ள மின்தன்மையைக் கொண்டே அத்திரைகள் வேலை செய்கின்றன. தோல் மிகவும் உலர்ந்திருந்தால் அவை உணர்வது கடினம். படமெடுக்கப் போகும் வேளையில் ஏதாவது அழைப்பு வந்துவிடுகிறது என்பது மற்றொரு தொல்லை. "ஒரு பட்டனை அமுக்குனா படம் விழணும். அத கையில வச்சுப் பாக்கணும். அது போதும்" என்றார்கள்.

செகந்திராபாத் வெஸ்ட் நிலையத்தில் மெட்ரோ ஏறி, சுல்தான் பஜாரில் இறங்கி, கோட்டியிலுள்ள குஜராத்தி கல்லிக்கு நடந்தேன். நம் நகரத்தில் கேமராவுக்குப் பேர்பெற்ற சந்து அது. படமெடுக்கும் கலைக்கும் நமது பட்டணத்துக்கும் பழைய உறவு உண்டு என்பதையும் இங்கே குறிப்பிடலாம். ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலி கானின் அரண்மனைப் புகைப்படக்காரரான ராஜா தீனதயாள் 1886-இல் செகந்திராபாத்தில் ஸ்டுடியோ திறந்தார். 1892-இல், அந்நியர் கண்ணில் படாமல் பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்களுக்கென்றே ஐதராபாத்தில் ஒரு தனி ஸ்டுடியோவையும் ஏற்படுத்தி, அதைப் பெண் ஒருவரின் பொறுப்பில் விட்டார். திரைக்குப் பின்னால் இருந்த பெண்களின் முகங்களும் இவ்விதமாய் அவரவர் குடும்பத்துக்கு மிஞ்சின. மெட்ரோவில் உட்கார்ந்து இதை எண்ணியபோது, எங்கள் வீட்டுப் பாப்பா நினைவுக்கு வந்தாள்.

கடைகளில் கல்யாண வீடுகளுக்கான பெரிய கேமராக்களே மிகுதியாய் இருந்தன. சிறிய கேமராக்களின் காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010-இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023-இல் எல்லா வகைகளையும் சேர்த்து 80 இலட்சத்துக்கும் குறைவு. புதியவை சில வருகின்றன. ஆயினும் என் கையிலிருந்த தொகைக்கு ஏற்றது பழையதே என்று கண்டேன். வாலிபப் பிள்ளைகள் இப்போது பழைய கேமராக்களை விரும்பித் தேடுவதால், அவற்றுக்கும் விலை ஏறியிருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார்.

பழையது வாங்குகிறவர்கள் பேட்டரியை முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கேமராவுக்கென்றும் தனி வடிவில் செய்யப்பட்ட பேட்டரி உப்பிப்போனால், மாற்று கிடைப்பது அரிது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பென்சில் செல் அளவிலான பேட்டரியில் இயங்குவது என்றால் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் சமாளிக்கலாம். திரும்பத் திரும்ப மின்னேற்றக் கூடியவற்றை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டால் இன்னும் நலம். அடுத்தது, படம் பதிகிற கார்டு. எக்ஸ்டி கார்டு கேட்கும் கேமராக்களை விட்டுவிடுங்கள். அந்தக் கார்டு இப்போது உற்பத்தியில் இல்லை. எஸ்டி கார்டு ஏற்கும் கேமராவிலும், 2006-க்கு முந்தியதென்றால், 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை அது வாசிக்காமற்போகலாம்.

மெகாபிக்சல் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. 6க்கு 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் தெளிவாக அச்சிட, 1800க்கு 1200 புள்ளிகள், ஏறக்குறைய 2 மெகாபிக்சல் போதும். 1975-இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் மொத்தமே பத்தாயிரம் புள்ளிகள்தான். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடிகள் எடுத்ததாம். மெகாபிக்சலைவிட, கை நடுங்கினாலும் படம் கலங்காமல் காக்கும் வசதி லென்ஸிலேயே இருக்கிறதா என்று விசாரிப்பது பெரியவர்களுக்கு உதவும். கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு துவாரம் இருந்தால், திரை தெரியாத உச்சி வெயிலிலும் எடுக்கலாம். பழைய பெட்டிக் கேமராவைப் பிடித்துப் பழகிய தலைமுறைக்கு அது இயல்பாகவும் இருக்கும்.

இவையெல்லாம் ஒருங்கே அமைந்ததாக, 2009-இல் வெளிவந்த கேனான் பவர்ஷாட் ஏ1100 ஐஎஸ் என்ற ஒன்று மூன்றாவது கடையில் கிடைத்தது. இரண்டு பென்சில் செல்கள், 12 மெகாபிக்சல். ஓரத்தில் கீறல்கள் இருந்தன. கடைக்குள்ளே பத்துப் படங்கள் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, ஃப்ளாஷ் அடிக்கிறதா என்று சோதித்த பின்பே பணம் கொடுத்தேன். இதே மாதிரியைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். உங்கள் தாயாரின் கை வேறு, தேவை வேறு. அந்த வாலிப சகோதரனிடமும், முதலில் ஊருக்குப் போன் பண்ணி, எதைப் படமெடுக்க ஆசை என்று அம்மாவிடம் கேளுங்கள் என்றே சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் தேதியையும் நேரத்தையும் சரிசெய்தாள். மேலேயுள்ள சக்கரத்தை 'ஆட்டோ' என்னும் இடத்தில் நிறுத்தி, அது திரும்பாதபடி செலோடேப் ஒட்டினோம். 4 ஜிபி கார்டில் ஆயிரம் படங்களுக்கு மேல் கொள்ளும் என்பதால், அழிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஊரில் அம்மாவுக்கு மூன்று காரியங்கள் மட்டும் சொன்னேன்: திறப்பது, அமுக்குவது, மூடுவது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. "இம்புட்டுதானா?" என்று கேட்டார்கள். படங்களை அச்சிட, சாத்தான்குளம் ஸ்டுடியோவில் கொஞ்சம் பணம் முன்கூட்டியே கொடுத்து, கார்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பைத் தம்பி மகனிடம் ஒப்படைத்தேன். உண்மையில் பரிசு என்றால் அந்த முன்பணத்தையும் சேர்த்துத்தான். அச்சாகாத படம் என் தாயாருக்குப் படமே அல்ல.

2025 மே மாதம் மறுபடியும் சென்றேன். பீரோவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. கேமரா வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் மேசைமேலேயே இருந்தது. அம்மா ஒரு மஞ்சள் உறையை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். நாற்பத்துமூன்று படங்கள். சில சாய்ந்திருந்தன, சிலவற்றின் மூலையில் அவர்கள் விரல் நுனி தெரிந்தது. முதல் இரண்டில் கோழியும் குஞ்சுகளும். பேரப்பிள்ளைகள் மூன்று படங்களில் இருந்தார்கள். மற்ற எல்லாவற்றிலும், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில், ஏழு எட்டு ஒன்பது வயதுடைய பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகத் தனித்தனியே நின்றிருந்தார்கள்.

"இதுக எல்லாம் யாரும்மா?"

"நம்ம தெருப் பிள்ளைக. ஓய்வுநாள் பாடசாலைக்கு வருகிற பிள்ளைகளும் உண்டு. அவஅவ அம்மாகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். ஒவ்வொரு வீட்டுலயும் ஒண்ணு குடுத்துட்டேன். எனக்கும் ஒண்ணு வச்சிருக்கேன்."

படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டியவர்கள், ஒன்றில் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெகுநேரம் பார்த்தார்கள். எண்ணெய் தேய்த்துப் படிய வாரி, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"இவளுக்கு நெத்தி நம்ம பாப்பா மாதிரி" என்றார்கள்.

பிறகு அந்தப் படத்தை மட்டும் மேலே வைத்து உறையை மூடி, கார்டில் இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நிறைய இருக்கிறது என்றேன்.