மாங்குளத்தில் நின்ற கார்

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் புறப்பட்டோம். புளியங்குளம் தாண்டியதும் எங்கள் பழைய ஒஸ்டின் காரின் அடியில் 'கடகட'வென்று சத்தம். போன வருடம் மலிவாகப் பூட்டிய சைலன்சர்தான்! "மெல்லப் போவோம்" என்றார் இவர். சற்று நேரத்தில் சின்னவள், "உம்மா, தலையிடிக்குது" என்றாள்.

மாங்குளச் சந்தியில் ஒரு கராஜ். பிள்ளைகளை மரநிழலில் இருத்தினேன். குழாய்ச் சூடு ஆறியபின் வயதான மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்தார். தாங்கும் ரப்பர் அறுந்து, குழாய் இடிபட்டிருக்கிறது. மூட்டுக் கிளிப்பும் தளர்ந்திருக்கிறது. ரப்பரை மாற்றி, கிளிப்பை இறுக்கினார்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னியில் இத்தகைய கார்கள் கொஞ்சம் பெட்ரோலில் ஸ்டார்ட்டாகி, மண்ணெண்ணெயில் ஓடியதைச் சொன்னார். "சத்தம் ஆளைக் கொல்லாது பிள்ளை, உள்ளுக்கு வாற புகைதான் கொல்லும்" என்றார்.

உண்மைதான் சகோதரிகளே! அந்தப் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே காரை நிறுத்தி இறங்கிவிடுங்கள். "மெல்லப் போவோம்" என்பவருக்கு இணங்காதீர்கள். நான் இணங்கியது தவறு.

ஒட்டுசுட்டானைக் கடக்கையில் சின்னவள், "கடல் எப்ப வரும்?" என்று நச்சரிக்கத் தொடங்கியிருந்தாள்.