பழைய ஸ்கூட்டரும் புதிய மோட்டாரும்: கோவைப் பட்டறைகளில் ஒரு களப்பார்வை

பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மின்மோட்டாரையும் பேட்டரியையும் பொருத்திப் பழைய ஸ்கூட்டரை மீண்டும் ஓடவைக்கும் வேலை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உதிரிபாகங்களை ஒன்றோடொன்று கோக்கும் வேலையாகவே தோன்றும். மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, திராட்டில் ஆகிய நான்கும் கடையில் கிடைக்கின்றன. வயர்களின் நிறம் பார்த்து இணைத்தால் சக்கரம் சுற்றிவிடுகிறது. அதனால்தான் வீட்டு முற்றத்திலேயே தம் வண்டியை மாற்றிக்கொள்ள முனைவோர் பலர். சக்கரம் சுற்றிய பிறகு வரும் பழுதுகளே இத்தொழிலின் பெரும்பகுதி என்பதும், அப்பழுதுகளில் பல மோட்டாரிலும் பேட்டரியிலும் இல்லாமல் அவற்றை இணைக்கும் முனைகளில் ஒளிந்திருக்கின்றன என்பதும் கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துச் சிறு பட்டறைகளில் சில நாட்கள் உடனிருந்து பார்ப்பவருக்கு விளங்கும்.

இப்பட்டறைகளின் வேர் பழையது. பைக்காரா நீர்மின்சாரம் 1930-களில் கோவைக்கு வந்ததும், 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கியதும், பின்னர் பம்புசெட் தொழில் ஊரெங்கும் பரவியதும் காயில் கட்டத் தெரிந்த தொழிலாளர் கூட்டம் ஒன்றை இங்கே தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கின்றன. கிணற்று மோட்டார் எரிந்தால் அதைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி, சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, எனாமல் பூசிய புதுக் கம்பியால் திரும்பக் கட்டித் தருபவரை ஊரார் வைண்டிங்காரர் என்பர். களப்பார்வையில் கண்ட பட்டறைகளின் மூத்த தொழிலாளர்கள் அவ்வழியில் வந்தவர்கள். இளையவர்களோ ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டோ செல்போன் பழுதுபார்க்கும் கடையிலிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். செம்புக் கம்பியைப் பற்றிய அறிவு முன்னவரிடமும் சர்க்யூட் பலகையைப் பற்றிய அறிவு பின்னவரிடமும் இருப்பதால், ஒருவரை விட்டு ஒருவரால் ஒரு வண்டியை முழுமையாகச் சரிசெய்ய இயல்வதில்லை.

ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் பயன்படுவது ஹப் மோட்டார். சாதாரண பம்பு மோட்டாரில் செம்புச் சுற்றுகள் வெளியே நிற்க, உள்ளிருக்கும் பகுதி சுழலும். ஹப் மோட்டாரில் செம்புச் சுற்றுகள் அச்சோடு அசையாமல் நிற்க, காந்தங்கள் ஒட்டிய வெளிவளையமே சக்கரமாகச் சுழல்கிறது. உள்ளே இருப்பது மூன்று ஃபேஸ் சுற்றுதான் என்பதால் வைண்டிங்காரருக்கு அதைப் புரிந்துகொள்ள நெடுநேரம் ஆவதில்லை. பொருத்தும் வேலையிலும் அவர் முதலில் கவனிப்பது அச்சையே. முறுக்குவிசை முழுவதையும் அச்சு தாங்க வேண்டியிருப்பதால், அதன் தட்டையான பக்கங்களை இறுகப் பற்றும் இரும்புத் தகடு ஒன்றை லேத் பட்டறையில் வெட்டிப் பொருத்தியாக வேண்டும். இல்லையென்றால் அச்சு தன் காடியிலேயே உருண்டு, உள்ளே செல்லும் வயர்களை முறுக்கி அறுத்துவிடும்.

இணைப்பு முனைகளுக்கு இத்தொழிலாளர்கள் காட்டும் அக்கறையைத் தனியே விளக்க வேண்டும். வயரின் முனையில் அழுத்திப் பொருத்தப்படும் செம்பு வளையம் லக் எனப்படும். அதை அதற்குரிய இடுக்கியால் நசுக்கிப் பிணைப்பது கிரிம்பிங். சுத்தியலால் தட்டிய லக்கும் சரியாகக் கிரிம்ப் செய்த லக்கும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், மின்சாரத்துக்கு அப்படியல்ல. தளர்ந்த முனையின் மின்தடை 0.01 ஓம் என்றும் அதன் வழியே 40 ஆம்பியர் பாய்கிறது என்றும் கொண்டால், அந்த ஓரிடத்தில் மட்டும் 16 வாட் வெப்பம் உண்டாகும். சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்டில் ஈயத்தை உருக்குகிறது என்பதை நினைத்தால், சீட்டுக்கு அடியில் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் 16 வாட் என்ன செய்யும் என்பது புரியும். முனை சூடாகிறது, சூட்டில் செம்பு கறுக்கிறது, கறுத்த செம்பின் தடை கூடுகிறது, கூடிய தடை மேலும் சூட்டைத் தருகிறது. ஆகவே புதிதாக வயரிங் செய்த வண்டி எதுவானாலும், ஒரு சுற்று ஓட்டி நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்த பின் ஒவ்வொரு லக்கின் உறையையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது இப்பட்டறைகளில் தவறாத வழக்கம்.

வீட்டில் மாற்றப்பட்டு இங்கே பழுதாகி வரும் வண்டிகளில் இன்னொரு குறையும் அடிக்கடி தென்படுகிறது. கன்ட்ரோலருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் இருப்பதால், பேட்டரியை நேரடியாக இணைக்கும் கணத்தில் அவற்றை நிரப்ப மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து இணைப்பானில் தீப்பொறி பறக்கும்; ஒவ்வொரு முறையும் அந்தப் பொறி உலோகத்தில் ஒரு குழியை அரிக்கும். முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக ஓரிரு நொடி மின்சாரம் செலுத்திக் கெப்பாசிட்டரை நிரப்பிவிட்டு, அதன் பிறகு முதன்மை இணைப்பைக் கொடுப்பதே முறை. சில ரூபாய் விலையுள்ள அந்தச் சிறு பொருளை விட்டுவிடுவதால் பெரும் செலவு நேர்வதைக் காணும்போது, இவ்வறிவை எளிய தமிழில் எழுதிப் பரப்ப வேண்டிய தேவை அழுத்தமாகவே உறைக்கிறது.

மோட்டார் உதறுகிறது, ஓடவில்லை என்று வரும் வண்டியில் பழுது தேடும் முறை காணத்தக்கது. விலையுயர்ந்த கருவி எதுவும் எடுக்கப்படுவதற்கு முன் மூன்று ஃபேஸ் வயர்களும் கன்ட்ரோலரிலிருந்து பிரிக்கப்படுகின்றன. சக்கரம் கையால் சுழற்றப்படும்; அது தடையின்றிச் சுழன்றால், வயர்கள் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடிக்கப்பட்டு மீண்டும் சுழற்றப்படும். அவ்வாறு சேர்க்கும்போது சக்கரம் கனத்துத் திமிறுவது இயல்பு. மூன்று இணைகளிலும் கனம் ஒரே அளவாக இருந்தால் காயில் நலமாக உள்ளதென்றும், எந்த வயரையும் சேர்க்காத நிலையிலேயே கனத்தால் காயிலுக்குள் ஷார்ட் உள்ளதென்றும் கையே சொல்லிவிடுகிறது. அடுத்தது ஹால் சென்சார். காந்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கன்ட்ரோலருக்கு அறிவிக்கும் சிறு உணரிகள் இவை, மோட்டாருக்குள் மூன்று இருக்கும். 5 வோல்ட் கொடுத்துச் சக்கரத்தை மெல்ல உருட்டினால் மல்டிமீட்டரில் அளவு சுழிக்கும் ஐந்துக்கும் இடையே மாறி மாறி வரவேண்டும். 46 காந்தங்கள் கொண்ட மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 23 முறை வரும். மாறாமல் நிற்கும் சென்சார் இறந்துவிட்டது. மழைநீர் அச்சு வழியே உள்ளே இறங்குவதே அதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

பேட்டரிப் பழுது இதைவிட நுட்பமானது. மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் வண்டி நின்றுவிடுகிறது, சமதளத்தில் நன்றாக ஓடுகிறது என்ற குறையோடு ஒரு ஸ்கூட்டர் வந்திருந்தது. மோட்டாரை மாற்றுமாறு உரிமையாளர் கேட்டிருந்தார். அதில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 16 தொடராக இணைக்கப்பட்டிருந்தன. இவ்வகைச் செல்லின் வழக்கமான அளவு 3.2 வோல்ட், முழுமையாக ஏறும்போது 3.65 வோல்ட், இடைப்பட்ட நெடுந்தொலைவுக்கு வோல்ட்டேஜ் ஏறத்தாழ மாறாமலே நிற்பதால், நின்ற நிலையில் மீட்டரை வைத்துச் செல்லின் நலத்தை அறிய முடியாது. எனவே பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஒருவர் பிரேக்கைப் பிடித்தபடியே திராட்டிலைத் திருகிச் சுமை கொடுக்க, உதவியாளர் 16 செல்களையும் ஒவ்வொன்றாக அளந்தார். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நிற்கும் சுவிட்ச் அதற்கெனத் தற்காலிகமாகக் கழற்றப்பட்டிருந்தது. “பதினொண்ணாவது மட்டும் விழுதுங்ணா” என்றார் உதவியாளர். “இன்னொருக்கா பாரு தம்பி” என்றார் மூத்தவர். மற்றவை 3.1 வோல்ட்டுக்கு மேல் நிற்க, அந்த ஒன்று 2.5 வோல்ட்டுக்குச் சரிந்தது. செல்களைக் காக்கும் பிஎம்எஸ் என்னும் மின்னணுப் பலகை, எந்த ஒரு செல் அபாய எல்லைக்குக் கீழே இறங்கினாலும் முழு பேட்டரியையும் துண்டித்துவிடும். ஏற்றத்தில் மின்னோட்டம் கூடும்போது நலிந்த செல் சரிந்தது, பலகை தன் கடமையைச் செய்தது, வண்டி நின்றது. மோட்டாரில் பழுதே இல்லை.

அப்பலகையை நீக்கிவிட்டு நேரடி இணைப்புக் கொடுத்தால் வண்டி நிற்காது என்பது இப்பட்டறைகளில் எல்லோருக்கும் தெரியும். களப்பார்வையில் கண்டவர்கள் அதைச் செய்ய மறுப்பவர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்த துயரம் இவர்கள் பேச்சில் இன்றும் வருகிறது. பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 விதிகள் அதே ஆண்டில் கடுமையாக்கப்பட்டன.

சட்டத்தின் நிலையும் இத்தொழிலை நெருக்குகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தி அமைப்பதைத் தடுக்கிறது; பேட்டரி உள்ளிட்ட வேறு ஆற்றலுக்கு மாற்றுவதை, வகுக்கப்பட்ட நிபந்தனைகளோடு, மாற்றுக் கருவித்தொகுதி வழியாக மட்டும் அனுமதிக்கிறது. அத்தொகுதிகள் ஏஐஎஸ்-123 தரத்தின்படி சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். பாதுகாப்பின் பொருட்டு இவ்விதி தேவையே. ஆயினும் சோதனைக்கான செலவைத் தாங்கும் வலிமை இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இல்லாததால், பழுதை மிகத் துல்லியமாகக் காணும் கைகள் பிறருடைய ஒப்புதல் பெற்ற தொகுதியைப் பொருத்துவோராகவும், குறைந்த வேக வண்டிகளைச் செப்பனிடுவோராகவும் மட்டுமே நிற்க நேர்கிறது. இவர்களின் திறனைச் சோதித்துச் சான்றளித்து, ஒப்புதல் முறைக்குள்ளேயே ஓரிடம் தருவது நியாயமாகும்.

மேம்பாலத்தில் நின்ற ஸ்கூட்டருக்குப் புதிய செல் வாங்கப்படவில்லை. பழகிய 15 செல்களோடு புத்தம்புதிய ஒன்றைத் தொடராக இணைத்தால் அவற்றின் கொள்ளளவு பொருந்தாது என்பதால், ஏற்கெனவே சோதித்து அளவை மார்க்கரால் எழுதி வைத்திருந்த பெட்டியிலிருந்து நெருக்கமான அளவுள்ள ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. செல்கள் அனைத்தும் பக்க இணைப்பாகக் கட்டப்பட்டு, 3.65 வோல்ட் வரை மெதுவாக ஏற்றப்பட்டுச் சமன் செய்யப்பட்டன. அதற்கே இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் மாலை உதவியாளர் வண்டியை அதே மேம்பாலத்தின் மீது இருமுறை ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை எடுத்து, சீட்டைத் தூக்கி, லக்குகளைப் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்.