வாரோசுக் கரை

சுமத்திராவின் மேலைக் கரையில், புக்கிட் பாரிசான் மலைத்தொடர் கடலை நெருங்கி நிற்குமிடத்தில், பாரூஸ் என்னும் சிற்றூர் உள்ளது. வட சுமத்திரா மாநிலம் என்றவுடன் மேடான் நகரையும் தோபா ஏரியையும் நினைப்போர் இவ்வூரை எண்ணுவதில்லை. நமக்கோ அம்மாநிலத்தில் முதலில் நினைவுக்கு வரவேண்டிய ஊர் இதுவே.

பாரூஸை அடுத்த லோபு துவாவில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கண்டறியப்பட்டது. சகம் 1010, அதாவது கி.பி. 1088, மாசித் திங்களில் பொறிக்கப்பட்டது அது. வெட்டுவித்தோர் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். ஊரின் பெயரை 'வாரோசு' என்கிறது கல். மரக்கலத் தலைவனும் உடன்வருவோரும் கஸ்தூரியின் விலையை ஒட்டிப் பொன்னாக வரி செலுத்திய பின்னரே மேற்செல்லலாம் என்பது அதன் செய்தி. விழா மேடைகளில் இக்கரையைச் சோழர் வென்ற நாடென்று முழங்குவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 1025-இல் நிகழ்ந்த இராசேந்திரனின் கடற்படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தியில் பண்ணை உண்டு, இலாமுரிதேசம் உண்டு, வாரோசு இல்லை. உடைந்த அக்கல்லில் இருப்பது வாளன்று, வரவுக் கணக்கு. நமக்கு அதுவே பெருமையாகப் படுகிறது.

அவர்களை அங்கு ஈர்த்தது கற்பூரம். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லாரும் கற்பூர வகைகளுள் வாரோசினைச் சேர்த்துள்ளார். அறுபது மீட்டர் வரை ஓங்கும் அம்மரத்தின் உட்பிளவுகளில் வெண்ணிறப் படிகமாக அது உறைந்திருக்கும். எடுக்க வேண்டுமாயின் மரத்தையே வீழ்த்திப் பிளக்க வேண்டும். பிளந்த மரங்கள் பலவற்றில் ஒன்றும் இராது. ஒரு பிடிப் படிகத்திற்காக எத்தனை மரங்கள் வீணில் வீழ்ந்தனவோ! இன்று அவ்வினமே அருகிவிட்டது.

இன்றைய பாரூஸில் பத்தாக்கு மக்களும் கரையோர மலாய் மக்களும் கலந்து வாழ்கின்றனர். பள்ளிவாசலும் தேவாலயமும் உண்டு. மீன்பிடிப்பும் உழவும் அவர்தம் பிழைப்பு. பாப்பான் திங்கி குன்றின் பழைய இசுலாமியக் கல்லறையைக் காண வருவோர் நூற்றுக்கணக்கான படிகள் ஏறுகின்றனர். அவர்கள் மரக்கலத்தைக் 'கப்பால்' என்பர், அங்காடியைக் 'கெடாய்' என்பர், பெட்டியைப் 'பெத்தி' என்பர், வணிக முதலை 'மோடால்' என்பர். கல் ஜகார்த்தா அருங்காட்சியகத்திற்குப் போய்விட்டது. சொற்கள் கடைத்தெருவிலேயே இருக்கின்றன.

'கப்பூர் பாரூஸ்' என்று கேட்டால் இந்தோனேசியக் கடைக்காரர் இன்றும் ஒரு பொட்டலம் தருவார். அதில் இருப்பவை துணிப்பெட்டியில் பூச்சி அண்டாதிருக்கப் போடும் இரசாயன உருண்டைகள்.