வலமிருந்து இடம்

தமிழில் முதுகலை படித்தவனுக்கு மும்பையில் கூடுதல் வருமானம் தருவது இலக்கியம் அல்ல, துண்டுப் பிரசுரங்கள். பிரஷர் குக்கர், தண்ணீர் வடிகட்டி, கொசுவிரட்டி என்று எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன். ஒருநாள் ரூட்டர் வந்தது. வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் பெட்டி அல்ல. மரத்தில் காடி எடுக்கவும் விளிம்பை உருட்டவும் தச்சர்கள் பயன்படுத்தும் கை இயந்திரம். அதை மேசைக்கு அடியில் கவிழ்த்து மாட்டுவது எப்படி என்று நான்கு பக்கம். நகைக்கடைப் பிரசுரத்துக்கு வாங்கும் கட்டணத்தையே வாங்கிக்கொண்டு, மாட்டுங்காவில் இரண்டு காபி குடிக்கும் நேரத்தில் பாதியை முடித்தேன்.

அகராதியில் 'தவாளிப்பு' என்ற சொல்லைக் கண்டெடுத்துப் பூரித்துப் போனேன். ஆங்கிலத்தில், கையால் இயக்கும்போது 'இடமிருந்து வலமாக நகர்த்தவும்' என்று இருந்தது. மேசைப் பகுதியில் 'பிட் சுழலும் திசைக்கு எதிராக மரத்தைத் தள்ளவும்' என்று மட்டுமே இருந்தது. வாசகர் குழம்பக் கூடாதே என்று, முன்பக்கத்தோடு ஒத்துப்போக, நானே அடைப்புக்குறிக்குள் 'இடமிருந்து வலம்' என்று சேர்த்தேன். யாரும் கேட்காத உதவி.

தாராவியில் தொண்ணூறு அடி சாலைக்குப் பின்னால், திருநெல்வேலிக்கார ஆசாரி ஒருவரின் பட்டறை இருக்கிறது. எங்கள் வீட்டு அலமாரியைச் செய்தவர். பிரசுரம் அச்சாகி வந்ததும் ஒன்றைக் கொடுத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து, செம்பூரில் ரயிலேறி குர்லாவில் மாறி சயானில் இறங்கி, என் தமிழ் வேலை செய்யும் அழகைப் பார்க்கப் போனேன்.

மேசை நன்றாகவே அமைந்திருந்தது. இரண்டு பிளைவுட் பலகைகளை ஒட்டி, வளையாமலிருக்க மேலும் கீழும் சன்மைக்கா ஒட்டியிருந்தார். ரூட்டரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, அதையே அச்சாக வைத்து அலுமினியத் தகட்டில் துளை போட்டிருந்தார். திருகுத் தலைகள் தகட்டுக்குள் அமிழ்ந்திருந்தன. தகடு உட்காரும் பள்ளத்தில்தான் அவர் மூன்று நாள் செலவழித்தாராம். தகடு மேசையைவிட ஒரு மயிரிழை உயர்ந்தாலும் மரம் அங்கே தட்டி நிற்கும். ரூட்டரின் சொந்த ஸ்விட்ச் மேசைக்கு அடியில் போய்விடுவதால், முழங்கால் எட்டும் இடத்தில் தனி ஸ்விட்ச். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத வகை அது. இதெல்லாம் பிரசுரத்தில் இருந்ததா என்று கேட்டேன். "பாதி இருந்தது" என்றார்.

அவருடைய அக்கா மகன், பதினெட்டு வயதிருக்கும், எழுத்துக்கூட்டிப் படித்தபடி ஒரு தேக்கு ரீப்பரை வேலித் தடுப்போடு அணைத்து இடமிருந்து வலமாகத் தள்ளினான். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் பிட் அதைக் கவ்வியது. ரீப்பர் கையிலிருந்து பறந்து தகரச் சுவரில் அறைந்தது. பையனின் கை பிட்டுக்கு நாலு விரற்கடை தூரத்தில் நின்றது.

ஆசாரி முழங்காலால் ஸ்விட்சைத் தட்டி அணைத்தார். பையனின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு பிரசுரத்தை என்னிடம் நீட்டினார்.

"இது நீங்க எழுதினதுதானே தம்பி?"

"ஆமா அண்ணாச்சி."

"ஆள்காட்டி விரலைக் கீழ பாத்து நீட்டுங்க. கடிகாரம் சுத்துற மாதிரி சுத்துங்க. நிறுத்தாம அப்படியே கையை மேல தூக்குங்க. விரல் கூரையைப் பாக்கட்டும். இப்ப மேலேருந்து பாத்தா எப்படிச் சுத்துது?"

எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விரல் மாறவில்லை, சுழற்சி மாறவில்லை. கை கவிழ்ந்ததில் வலம் இடமாகிவிட்டது. மேசையில் மாட்டிய பிட், நம்மைப் பார்த்த பக்கத்தில் இடமிருந்து வலமாக ஓடுகிறது. மரம் அதற்கு எதிரே, வலமிருந்து இடமாகப் போக வேண்டும். அப்போதுதான் பிட் மரத்தை நம் கைக்கு எதிராகத் தள்ளும். மாற்றித் தள்ளினால் மரத்தை இழுத்துக்கொண்டு ஓடும், கையும் கூடவே போகும்.

"நானும் பாக்காம விட்டுட்டேன்" என்றார். "அச்சடிச்சது சரியா இருக்கும்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தேவலை. தமிழை இடமிருந்து வலமாகவே வாசித்துப் பழகிய எனக்கு அந்த வரி இயற்கையாகப் பட்டதில் வியப்பில்லை. ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே விட்டிருந்தாலும் பிழை இல்லை.

அன்றே கடைக்காரருக்குத் தொலைபேசினேன். "மறு அச்சில் பார்த்துக்கலாம்" என்றார். எத்தனை பெட்டிகளோடு எத்தனை பிரதிகள் போயிருந்தன என்று அவருக்கே கணக்கில்லை. மறுநாள் போய் மீதமிருந்த கட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். செம்பூர் வீட்டில், நானும் மகளும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் அந்த அடைப்புக்குறியை அடித்துத் திருத்தினோம். தவாளிப்பையும் காடி என்று மாற்றினேன்.

தாராவி மேசையில் இப்போது சிவப்புப் பெயின்டில் ஒரு அம்பு இருக்கிறது. பையன் வரைந்தது. எழுத்து எதுவும் இல்லை.