முள் சொன்ன பொய்

எங்கள் வீட்டில் ஒரு கார் இருக்கிறது. "இருக்கிறது" என்று சொல்லத்தான் எனக்குத் தைரியம். "ஓடுகிறது" என்று சொல்ல வேண்டுமானால் அன்றன்று காலையில் விசாரித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

1964-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. என் தகப்பனார் வாங்கியது. அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். பூர்வீகம் இங்கிலாந்து. ஆனால் பிறந்தது என்னவோ தாம்பரத்துக்கு அப்பால் பெருங்களத்தூரில்தான். 1961-லிருந்து அங்கே ஹெரால்டு செய்தார்கள். 1980-களின் இறுதியில் அந்தக் கம்பெனியின் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. ஆகவே பிறந்த வீடு இல்லாத பெண்ணை வைத்துக் குடித்தனம் பண்ணுவது போலத்தான். ஒரு சாமான் வேண்டுமென்றால் ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்குப் போக வேண்டும். அங்கே இல்லாவிட்டால் புதுப்பேட்டை.

இத்தனை வருஷமாக அதைக் காப்பாற்றி வருபவர் எங்கள் மேஸ்திரி. வயது எழுபத்தெட்டு. ஷெட்டை மூடி வெகுநாளாகிறது. இப்போது எங்கள் ஹெரால்டுக்காக மட்டும் ஆதம்பாக்கத்துக்கு நடந்து வருவார். பறக்கும் ரயில் தூண்களின் நிழலில் நின்று நின்று வருகிறவரைப் பார்த்தால், அவருக்கு வேலை வைக்கவே மனம் வராது.

அதனால்தான் டெம்பரேச்சர் மீட்டர் செத்துப்போனபோது நானே அதைப் பார்த்துக்கொள்வதென்று தீர்மானித்தேன். எஞ்சினின் மேல் ஒரு பித்தளைக் குமிழ் திருகியிருக்கும். தண்ணீரின் சூட்டை மீட்டருக்குச் சொல்லி அனுப்புவது அதுதான். 'ஸெண்டர்' என்று பெயர். புதிதாக ஒன்று வாங்கி, தண்ணீர் கசியக் கூடாதே என்று அதன் மறையில் தெஃப்லான் டேப்பை நாலைந்து சுற்று சுற்றி, இறுக்கி முடுக்கினேன். முள் கொஞ்சம் எழுந்து பாதிக்கும் கீழே அடக்கமாக நின்றது. எனக்கு ஏக சந்தோஷம்.

அன்று சாயங்காலமே மனைவியை மயிலாப்பூருக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தின் நட்டநடுவில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிற்று.

"முள் என்ன சொல்கிறது?" என்றாள் மனைவி.

"வண்டி குளிர்ச்சியாக இருக்கிறது என்கிறது."

பின்னால் நின்ற பஸ்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இரவு வீடு திரும்பியதும் டார்ச்சு வெளிச்சத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருக்கிற பாயின்ட் திறக்கும்போதுதான் பிளக்கில் பொறி விழும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 100 தடவை அது திறந்து மூட வேண்டும். முழுக்கத் திறந்திருக்கும்போது இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் அதில் 15 கூறு இருக்க வேண்டும். நான் 15 போட்ட பிளேடை நுழைத்துப் பார்த்தேன், போகவில்லை. 8 போட்டதே இறுக்கமாகத்தான் போயிற்று. இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாக விழும், எஞ்சின் கொதிக்கும். பாலத்து ஆவிக்குக் காரணம் விளங்கிவிட்டது.

விளங்கியதும் சங்கடமாகிவிட்டது. பத்தே நாளைக்கு முன்பு அந்தப் பாயின்டை வைத்தவர் மேஸ்திரி.

மறுநாள் வந்தார். முதலில் ஸெண்டரைக் கழற்றி, டேப்பை உரித்து என் கையில் கொடுத்தார். "தம்பி, இது தண்ணிக் குழாய் இல்லே. மறை இரும்பைத் தொட்டாத்தான் இதுக்கு எர்த்." சூடு ஏற ஏறக் குமிழ் அதிக மின்சாரத்தை விடுமாம், அது எஞ்சின் இரும்பு வழியாகத் திரும்ப வேண்டும். நான் அந்த வழியைச் சுவர் வைத்து அடைத்திருக்கிறேன்.

அடுத்த விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது? ராத்திரி முழுவதும் யோசித்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன். "இப்போ வருகிற பாயின்ட் எல்லாம் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது மேஸ்திரி. எலெக்ட்ரானிக் போட்டுவிடலாமா?"

அவர் மூடியைத் திறந்து, பார்க்காமல், ஆள்காட்டி விரலால் பாயின்டைத் தடவினார்.

"பாயின்ட் மேலே பழி போடாதீங்க. ரெண்டு மாசமாப் பிளேடுல நம்பர் தெரியல்லே. விரலால தடவித்தான் வைக்கிறேன். அதையே போடுங்க. ஐயா இருந்தாலும் போடச் சொல்லியிருப்பார்."

தபாலில் தருவித்த பெட்டிக்குள் தீப்பெட்டியளவு கறுப்புச் சாதனம் ஒன்றும், காந்தம் பதித்த வளையம் ஒன்றும் இருந்தன. உரசுவதற்கு ஒன்றுமில்லை, காந்தம் தாண்டும்போது பொறி விழும். காகிதத்தைப் பார்த்து நான் படிக்க, அவர் பொருத்தினார். நான் சிவப்பு ஒயரை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த எர்த்துன்னு போட்டிருக்கு?"

"நெகடிவ்."

"நம்ம வண்டி பாசிட்டிவ் எர்த், தம்பி. கொடுத்தீங்கன்னா புகைஞ்சுடும்."

பல பழைய இங்கிலீஷ் வண்டிகளைப் போல இதற்கும் எல்லாம் தலைகீழ். இத்தனை வருஷம் ஓட்டியும் எனக்குத் தெரியாது. பாட்டரியைத் திருப்பி வைத்தார். காயில் ஒயர்களை மாற்றினார். ஒரு துண்டு ஒயரால் டைனமோவின் முனையை ஒரு கணம் தொட்டு எடுத்தார். சின்னப் பொறி பறந்தது. அதுவும் திரும்பிக்கொண்டதாம்.

முதல் திருகலிலேயே வண்டி கிளம்பிவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். எஞ்சின் சப்தம் ஓரிடத்தில் வழவழவென்று ஆயிற்று. அங்கேயே முடுக்கினார். அந்த வேலைக்கு அவருக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. பழைய பாயின்டையும் கண்டென்சரையும் ஒரு தகர டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்தார். "இது நின்னுட்டா நடு ரோட்டுல அது வேணும்."

கால் மணி நேரம் ஓடவிட்டோம்.

"முள் எங்கே நிக்குது? சொல்லுங்க."

"நடுவில் நிற்கிறது மேஸ்திரி."

அவர் ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டினார்.

வருகிற திங்கட்கிழமை எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப் போகிறேன். 1819-லிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி. பழைய சாமானைப் பார்த்துப் பழக்கப்பட்டவர்கள் என்று சொன்னதற்குச் சிரித்தார். ஹெரால்டிலேயே போகலாம் என்கிறார். ஆட்டோ பிடியுங்கள் என்கிறாள் என் மனைவி.