விடிய விடியப் பாரதம்

அறுப்பு முடிந்து நெல் வீடு சேர்ந்ததும் எங்கள் பக்கத்து ஊர்களில் பாரதம் வைப்பதைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் மூன்றுக்கும் இடைப்பட்ட ஏரிப் பாசன நிலம் அது. நடந்து போகிற தூரத்துக்கு ஒரு திரௌபதி அம்மன் கோயில் உண்டு. ஆனால் எல்லா ஊரிலும் ஆண்டுதோறும் பாரதம் நடந்துவிடாது. ஏரி நிரம்பியிருக்க வேண்டும், பங்காளிகளுக்குள் முகம் கொடுத்துப் பேசுகிற நிலை இருக்க வேண்டும், தலைக்கட்டு வரி வசூலாக வேண்டும். இவையெல்லாம் கூடிவந்த ஆண்டில்தான் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு கிளம்புவார்கள். ஒரு தாம்பூலம் பாரதம் படிக்கிற பிரசங்கியாருக்கு, இன்னொன்று கூத்து ஜமாவின் வாத்தியாருக்கு. கொடியேறிக் காப்புக் கட்டிவிட்டால், பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள்.

தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராரை எனக்கு அறிமுகப்படுத்தியவர், கோயில் பந்தலில் மதியம் பாரதம் படிக்க வந்த ஒரு பிரசங்கியார். விருத்தத்தை ராகத்தோடு எடுப்பார், நிறுத்துவார், பொருள் சொல்வார். தருமர் சூதாட உட்கார்ந்த இடத்தில் அரை நாள் நின்றுவிடுவார். எங்கள் ஊர்ச் சீட்டாட்டக்காரர்கள் பந்தலின் பின்வரிசையில் இருப்பது அவருக்குத் தெரியும். பெண்கள் புளி ஆய்ந்துகொண்டே கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கு, பாசுபதம் பெற அர்ச்சுனன் எந்த வழியாகப் போனான், யார் தடுத்தார்கள், என்ன பதில் சொன்னான் என்பதெல்லாம் வரிசை பிசகாமல் தெரியும். மதியம் காதால் கேட்ட கதையைத்தான் இரவு கண்ணால் பார்க்கப் போகிறோம் என்று அவர்களெல்லாம் தெரிந்தே வந்து உட்கார்ந்தார்கள். கூத்து நடக்கும் போது வேடக்காரர் ஓர் அடியை விட்டுவிட்டால் முன்வரிசையிலிருந்து யாரேனும் எடுத்துக் கொடுப்பார்கள். அப்படிக் கேட்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அந்தக் கூத்துக்கு அத்தனை வீரியம் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

சாயங்காலமே பாயும் கோணியும் போட்டு இடம் பிடித்துவிடுவோம். பிறகு எங்கள் வேலை, வேடம் கட்டுகிற கொட்டகையின் ஓலைத் தட்டியில் ஓட்டை தேடுவது. உள்ளே ஆளாளுக்கு ஒரு சிறு கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு முகம் எழுதிக்கொண்டிருப்பார்கள். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஒவ்வொன்றாக ஏறும். இடுப்பைச் சுற்றிச் சேலைகளை அடுக்கி அதன்மேல் பாவாடையைக் கட்டினால், கொட்டகைக்குள் ஒல்லியாக நுழைந்தவர் வெளியே வரும்போது இரண்டு ஆள் அகலம் இருப்பார். பாஞ்சாலிக்கு மட்டும் இந்தக் கட்டைகள் இல்லை. சேலை, நகை, நீண்ட கூந்தல். அந்த வேடம் கட்டியவரை முந்தைய வாரம்தான் ஏர் ஓட்டக் கண்டிருப்போம். வேடம் முடிந்தபின் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எங்களில் யாருக்கும் துணிவு வராது.

இரவு பத்து மணி வாக்கில் களரி கட்டுவார்கள். மத்தளமும் தாளமும் சேர்ந்து முழங்க, முகவீணை மேலே ஏறும். சிறிய கருவிதான், ஆனால் அதன் கூர்மையான குரல் வயல்களைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கட்டியங்காரன் வந்து ஊர்வம்பு பேசிச் சிரிக்க வைத்தபின், இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து முதல் ராஜவேடம் பாடத் தொடங்கும். முதலில் கிரீடத்தின் நுனி, பிறகு சலங்கைக் கால், பிறகு ஒரு தோள். முழு உருவத்தையும் காட்ட அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். திரை விலகியதும் அந்தக் கனத்தோடு அவர் சுழன்று கிறிக்கி அடிப்பார். பாவாடை குடையாக விரியும், புழுதி எங்கள் முகத்தில் அடிக்கும்.

கூத்தை இமைக்காமல் முழு இரவும் பார்த்தவர் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. எல்லாரும் கொஞ்சம் தூங்கினோம். கூத்தும் அதை அறிந்தே கட்டப்பட்டது போல இருக்கும். ஒரு செய்தி முதலில் பாட்டாக வரும். பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். பிறகு கட்டியங்காரன் கேள்வி கேட்க, ராஜா அதையே வசனமாகச் சொல்வார். இடையில் கண்ணயர்ந்த குழந்தை விழித்தாலும் கதை கைக்கு அகப்படும். கிருஷ்ணன் தூது போகும்போது பாட்டியின் மடியில் தூங்கி, சபையில் துரியோதனன் உறுமும்போது திடுக்கிட்டு எழுந்தவன் நான். எனக்குள் இருக்கும் பாரதம் அப்படிப்பட்டது. பாதி கண்டது, பாதி தூக்கத்தில் கேட்டது. எது கூத்து, எது கனவு என்று இன்றும் பிரிக்க முடியாத சில காட்சிகள் என்னிடம் உண்டு.

துகில் உரியும் இரவில் மட்டும் ஒருவரும் தூங்கமாட்டார்கள். துச்சாதனன் வேடம் போட்டவர் சேலையில் கை வைக்குமுன் அம்மனை நோக்கிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். கற்பூரம் ஏற்றுவார்கள். கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும். பாஞ்சாலி கூந்தலை விரித்துச் சபதம் செய்தபின், அது முடியப்படும் நாள்வரை ஊரே ஒரு கடனைச் சுமந்துகொண்டு திரிவதாக எனக்குத் தோன்றும்.

அர்ச்சுனன் தபசு இன்னொரு வகை. கோயில் எதிரே நட்ட உயரமான மரத்தில் வேடக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடி ஏறுவார். பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் ஈரச் சேலையோடு கீழே இருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழமும் வில்வமும் யார் முந்தானையில் விழுகிறது என்று மற்ற பெண்கள் பதைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பதைப்பில் பொறாமை இருந்து நான் கண்டதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த நினைவு பொய்யாகிவிடும். களரியைச் சுற்றி யார் எங்கே உட்காரலாம் என்பது எழுதாத சட்டமாக இருந்தது. காலனியிலிருந்து வந்தவர்கள் ஏரிக்கரைச் சரிவில் நின்றும் குந்தியும் பார்த்தார்கள். பறையடித்துக் கொடியேற்றத்தை ஊருக்கு அறிவித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கர்ணனைப் பிறப்பைச் சொல்லி அவமதிக்கும் காட்சிக்கு இந்தப் பக்கத்தில் கண்ணீர் விட்டவர்களுக்கு அந்தச் சரிவு கண்ணில் படவில்லை. பழைய கதை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் நுழைவதைத் தடுத்ததால் எழுந்த மோதலில், அங்கிருந்த திரௌபதி அம்மன் கோயிலை 2023-இல் அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்தார்கள். சபை நடுவே நியாயம் கேட்ட பெண்ணின் கோயில் அது. செய்தி படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

எங்கள் பக்கத்துப் புரிசையில் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் தம்பிரான் குடும்பம் இருக்கிறது. நடேசத் தம்பிரானின் ஆட்டத்தைக் கண்டு அசந்துபோன நாடகாசிரியர் ந. முத்துசாமி, தமிழ் நாடகத்துக்கான வேர் இங்கே இருக்கிறது என்று ஊர் ஊராகச் சொன்னார். அவர் முயற்சியில் 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழு பிறந்தது. கண்ணப்பத் தம்பிரான் அதன் நடிகர்களுக்குக் கற்றுக்கொடுத்தார், ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தைக்கூடக் கூத்தாக ஆடிக் காட்டினார். பெருங்கட்டூர் ராஜகோபால் முயற்சியில் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. ஆண்களே ஆடிவந்த கலையைக் காஞ்சிபுரம் அருகே அவர் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கற்றார்கள். துச்சாதனனாக ஒரு பெண் அடவு வைப்பதை என் பாட்டி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ! மகிழ்ந்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

இப்போது கூத்தைச் சென்னை அரங்குகளில் ஒன்றரை மணி நேரமாகப் பார்க்க முடிகிறது. ஆட்டக்காரருக்கு அது வருமானமும் மரியாதையும் தருகிறது, அதனால் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அங்கே திரை இரண்டு நிமிடத்தில் விலகிவிடுகிறது. காத்திருந்து கிடைத்த அந்தத் தோளும் சலங்கைக் காலும் அங்கே எனக்குக் கிடைப்பதில்லை. எங்கள் பக்கத்திலும் நள்ளிரவு தாண்டினால் பாய்கள் காலியாகின்றன. காலையில் வேலைக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் என்ன செய்வார்கள்?

பதினெட்டாம் போர் நடக்கும் கடைசி இரவை மட்டும் யாராலும் சுருக்க முடியவில்லை. கோயில் மைதானத்தில் மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து படுக்க வைத்த துரியோதனனைச் சுற்றிப் பீமனும் துரியோதனனும் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். தொடையில் கதை விழ வேண்டும். உள்ளே புதைத்த குங்குமநீர் பீறிட வேண்டும். பாஞ்சாலியின் கூந்தல் முடியப்பட வேண்டும். படுகளம் என்கிற இந்தக் காட்சிக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். அதனால் இரவுக் கூத்து அதுவரைக்கும் வந்தே தீர வேண்டும். பெங்களூரிலும் ஒரகடத்திலும் வேலை பார்க்கிறவர்கள் அந்த ஒரு நாளுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மைதானத்தில் துரியோதனன் உருவத்து மண்ணை ஒரு பிடி அள்ளி முந்தானையிலும் பிளாஸ்டிக் பையிலும் முடிந்துகொள்கிறார்கள். சிலர் நெல் குதிரில் போட, சிலர் மாட்டுத் தொழுவத்தில் தூவ. சாயங்காலம் தீமிதி.