பெட்டி புதிதா, ஆட்டம் புதிதா?

சென்ற தை மாதம் கடத்தூருக்குப் போயிருந்தேன். அங்கேதான் என் அக்கா வீடு. சந்தையில் நல்ல வெற்றிலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு, சாவகாசமாக நடந்து வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே ஒரு வழக்கு எனக்காகக் காத்திருந்தது.

வாதி என் அக்கா. பிரதிவாதி அவள் மகன். வழக்குக்குக் காரணமான சொத்து, அக்காவின் கழுத்தில் கிடந்த மூன்று சவரன் சங்கிலி.

பிள்ளையாண்டான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதில் ஒரு வீடியோ கேம் பெட்டியை வைத்து, மணிக்கு இவ்வளவு என்று பையன்களை ஆடவிட்டால் நாலு காசு பார்க்கலாம் என்பது அவன் எண்ணம். எண்ணத்தில் தவறில்லை. ஆனால், வாங்கினால் பிளேஸ்டேஷன் 5தான் வாங்குவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். 2021-ஆம் வருஷம் அது இந்தியாவுக்கு வந்தபோதே விலை 49,990 ரூபாய். பெரிய டி.வி., நாற்காலி, மேஜை என்று கூட்டிக்கொண்டே போனால் லட்சத்தைத் தொட்டுவிடும். அதற்காகத்தான் சங்கிலி அடகுக் கடைக்குப் போகவேண்டுமாம்.

"புதுசா ஒண்ணும் இல்லேன்னா எவன் மாமா கடைக்கு வருவான்?" என்றான்.

கேள்வி என்னைச் சுட்டது. புதிதாக என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்காத பத்திரிகாசிரியர் உண்டா? கதை எழுதுகிறவனுக்கும் அதே பயந்தானே! உடனே பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மென்றுகொண்டே யோசித்தபோது பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. இவனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, சேலத்திலிருந்து ஒரு டி.வி. கேம் வாங்கிவந்து கொடுத்தவன் நான்தான். அட்டைப்பெட்டி பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்த சரக்கோ அரதப் பழசு. ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-ஆம் வருஷம் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டரின் நகல் அது. அந்த நாளில் இப்படிப்பட்ட நகல்கள் ஊருக்கு ஒரு பெயரில் விற்றன. அசலைச் செய்தவனுக்கு அதில் ஒரு காசும் போயிராது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தது. தெருப் பையன்கள் ஒரே மாலைப் பொழுதில் குட்டை உடைத்துவிட்டார்கள். உண்மையில் இருந்தவை பத்துப் பதினைந்துதான். மற்றவையெல்லாம் அவற்றையே பெயரை மாற்றி, நிறத்தை மாற்றி அடுக்கிய கணக்கு. அதற்காக யாராவது வருத்தப்பட்டார்களா என்றால் இல்லை. மரியோ குதித்தான், டாங்கிகள் சுட்டுக்கொண்டன. அடுத்த முறை யாருக்கு என்பதில் அடிதடிகூட நடந்தது. பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வந்திருந்தது. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதைக் கையில் வாங்கினாள். திரையில் பறந்த வாத்தைச் சுட்டு வீழ்த்தினாள். அவளுக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. குறி பார்த்தால் போதும்.

ஜப்பானில் குன்பெய் யோகோய் என்று ஒருவர் இருந்தார். புதிய கருவியைத் தேடி ஓடாதே; நன்றாகப் பழகி, விலை மலிந்துபோன கருவிக்குப் புதிய உபயோகம் கண்டுபிடி என்பது அவருடைய கொள்கை. அப்படிப் பிறந்ததுதான் 1989-இல் வந்த கேம்பாய். அதன் திரையில் வண்ணம் கிடையாது. அதே வருஷம் வந்த அடாரி லின்க்ஸில் வண்ணம் இருந்தது. ஆனால் அது பாட்டரியை விழுங்கித் தீர்த்தது. கேம்பாய் நான்கு சிறு பாட்டரிகளை வைத்துக்கொண்டு நெடுநேரம் ஓடியது. ஜயித்தது கேம்பாய்தான். அதே யோகோய் 1995-இல் வர்ச்சுவல் பாய் என்ற புதுமையைக் கொண்டுவந்தார். கண்களை அதற்குள் புதைத்துக்கொண்டு, கறுப்பில் சிவப்பாகத் தெரியும் உருவங்களைப் பார்க்கவேண்டும். பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஓராண்டுக்குள் அதை நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் புதுமையே வேண்டாமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 2006-இல் நின்டெண்டோவின் வீ வந்தது. போட்டிப் பெட்டிகளின் வேகம் அதற்குக் கிடையாது. ஆனால் கையை வீசினால் திரையில் பந்து பறந்தது. ஆட்டம் அறியாத கிழவர்களும் எழுந்து நின்று ஆடினார்கள். 10 கோடிக்கு மேல் விற்றது. அதன் வாரிசாக 2012-இல் வந்த வீ யூவிலும் புதுமைக்குக் குறைவில்லை. கையில் பிடிக்கும் கருவியிலேயே ஒரு திரையை வைத்தார்கள். அது எதற்கு என்பது வாங்குகிறவர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஒன்றரைக் கோடிகூட விற்கவில்லை.

ஆக, புதுமை ஒரு கதவைத் திறந்துவிடவேண்டும். வெளியே நின்றவன் உள்ளே வரவேண்டும். இல்லாவிட்டால் அது அட்டையில் அச்சிட்ட 9999 தான்.

மறுநாள் அவன் கடையில் போய் உட்கார்ந்தேன். எதிரே திண்ணையில் ஐந்தாறு பையன்கள். ஒவ்வொருவன் கையிலும் செல்போன். ஒவ்வொருவனும் தலையைக் குனிந்து தனித்தனியே ஆடிக்கொண்டிருந்தான்.

"இவர்களிடம் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. தோள் இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து தோற்கடிக்க ஒருவன்தான் இல்லை. அதற்கு ஒரு பெட்டியும் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் போதும்" என்றேன்.

அவனுக்கு அரை மனசுதான். ஆனாலும் கையிலிருந்த பணத்துக்குள் சேலத்தில் பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்றைத் தேடிப் பிடித்தான். 2013-இல் வெளிவந்த மாதிரி அது. சங்கிலி தப்பியது.

இரண்டு மாதம் கழித்து டெலிபோன் செய்தான். "நீங்க சொன்னதிலே பாதி சரி மாமா. பெட்டி பழசான்னு ஒருத்தனும் கேக்கலே. ஆனா அடுத்த ஆட்டம் எப்போன்னு தினமும் கேக்கறானுங்க" என்றான்.

என் தீர்ப்பில் பாதி போயிற்று! அடுப்பு பழையதாக இருக்கலாம். குழம்பு நேற்றையதாக இருக்கக்கூடாது என்பதை நான் யோசிக்கவில்லை. பழைய அடுப்பில் புதிய குழம்பு ஏறாத நாளும் ஒருநாள் வரும். அன்று புதுப் பெட்டி வாங்கத்தான் வேண்டும். அதை அந்த அறையே சம்பாதித்துக் கொடுக்கட்டும். அக்காவின் கழுத்து கொடுக்கவேண்டாம்.

அக்காவும் டெலிபோனில் பேசினாள். "தம்பி, பரண்மேலே அந்தத் துப்பாக்கி இன்னும் இருக்குது. இவன் பெட்டியிலே அது வேலை செய்யுமா?"

செய்யாது. பிக்சர் டியூப் வைத்த பழைய டி.வி.யில்தான் அந்தத் துப்பாக்கிக்குக் குறி தெரியும். இன்றைய தட்டை டி.வி.யில் தெரியாது. இத்தனை வருஷத்துப் புதுமைகளுக்கு நடுவே அக்கா மட்டும் வெளியே நின்றுவிட்டாள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அடுத்த தடவை வரும்போது பார்க்கலாம் அக்கா என்று சொல்லி வைத்தேன்.